அஞ்சாவது ஆளுக்கு வாசல் இல்லை

1. ஒன்பதாவது தடவை

ஒன்பதாவது தடவையும் முத்துலட்சுமி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினாள். திரையில் புகை மூடியது. சிவப்பு எழுத்தில் 'அவுட்' என்று வந்தது. அவளுடைய விரல்கள் மவுஸை விடவில்லை.

"பக் எதும் இருக்குமோக்கா? வாசல்ல கேரக்டர் மாட்டுதோ?" என்று கோபி என் காதில் கேட்டான். அவன்தான் எங்கள் புரோகிராமர். மற்ற பெண்கள் நான்கு பேரும் இரண்டாவது, மூன்றாவது தடவையிலேயே தப்பி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

பத்தாவது தடவையும் அவள் திரும்பினாள். இந்த முறை நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு விளங்காதவள் முகம் அப்படி இருக்காது. எதையோ தேடுகிற முகமாக இருந்தது அது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், கேமில் கேரக்டர்களுக்கு வசனம் எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதைத்தான் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதுவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான். அந்தக் கதை இது.

2. போஸ்டர் கை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஐந்தாறு வருடங்களில் நடந்தது. அதற்கு முன்பு நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. ஆபரேட்டர். லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். போஸ்டருக்கு வாசகம் எழுதித் தர ஆள் இல்லையென்றால் நானே எழுதுவேன். 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற' என்று ஆரம்பித்தால் என் கை தானாக ஓடும். செத்தவர் பேரை மட்டும் கேட்டுக்கொள்வேன், மற்றதெல்லாம் ரெடியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பிறகு விருதுநகரில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினேன். செருப்புக் கடை மாடியில் மூன்று ரூம். முதலாளி சேகர் சார், கோபி, நான், இன்னும் இரண்டு பேர். பட்டாசுக் கம்பெனிகளுக்கு கேட்டலாக் சி.டி. செய்து கொடுப்போம். அப்படி இருக்கையில் ஒரு டிரஸ்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பட்டாசுத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு சொல்லித்தர ஒரு கம்ப்யூட்டர் கேம் வேண்டுமாம். சொற்பொழிவு நடத்தினால் பெண்கள் தூங்குகிறார்கள், விளையாட்டாகச் சொன்னால் மண்டையில் ஏறும் என்று யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

கேம் இதுதான். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற ஒரு ரூம். நாலு பக்கமும் வாசல், ஆளுக்கு ஒரு வாசலாக நாலு பெண்கள். சட்டத்தில் உள்ள விதியும் அதுதான். ஒரு பொறி விழும். பன்னிரண்டு நொடிக்குள் உங்கள் பெண்ணை வாசல் வழியாக வெளியேற்றி, மண்மேட்டைத் தாண்டி, முள்வேலி இடைவெளியில் நுழைத்து, ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் அடுத்தடுத்த ரூம்களும் தீப்பிடித்துக்கொண்டே வரும். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் பிழைத்தவர்கள் உட்கார்ந்து, வராதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு என் பொறுப்பு. வாசிக்கத் தெரியாதவர்களும் விளையாட வேண்டும் என்பதால் எல்லாக் குரலையும் நானே பேசிப் பதிவு செய்தேன்.

டிரஸ்ட் கண்டிப்பாகச் சொன்ன கட்டளை ஒன்று உண்டு. எதற்காகவும் யாருக்காகவும் ரூமுக்குள் திரும்பக்கூடாது, திரும்பினால் அவுட். விபத்துகளில் தப்பி வெளியே வந்தவர்கள் மறுபடி உள்ளே போய்ச் செத்த கதைகள் அந்தப் பக்கம் நிறைய. அதனால் அந்த விதியில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை.

டெஸ்டிங்கிற்காக வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கம்ப்யூட்டரை இறக்கினோம். அங்கேதான் முத்துலட்சுமி வந்தாள். முப்பது வயது இருக்கும். வலது கை முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுத்தது. அந்தக் கையால்தான் மவுஸைப் பிடித்தாள்.

3. நடு இடம்

மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரைத் தேடுறீக?"

"இதுல நாலு பேருதான் இருக்காக."

"ஆமா. ரூமுக்கு நாலு பேருதானே?"

"கணக்குக்கு நாலு பேருக்கா. சீசன்ல நாங்க அஞ்சு பேரு உக்காருவோம்."

நாலு வாசல், அஞ்சு ஆள். அப்படியென்றால் ஒருத்தி நடுவில் உட்கார வேண்டும். மருந்துத் தட்டு பக்கத்தில், எந்த வாசலும் கையெட்டாத இடத்தில். எல்லாருக்கும் அது தெரியும். அதனால் நியாயமாக முறை வைத்துக்கொள்வார்களாம். இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு அடுத்தவள். தண்ணீர் பிடிக்க முறை வைப்பதுபோல அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்க நாத்துனா சாந்தியும் எங்க ரூம்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருநாள் பிடிச்சிருச்சு. அன்னைக்கு நடு இடம் என் முறை."

சொல்லிவிட்டுத் திரையில் நடு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு அப்ப மசக்கை. யாருகிட்டயும் சொல்லல, வீட்டுக்காரருக்கே தெரியாது. சாந்தி வந்து, 'மதினி, நீ வாசலுக்கு வா, நான் நடுவுல உக்காருதேன்'னா. ஏன்னு கேட்டதுக்கு, 'சும்மாதான்'னு சிரிச்சா. நானும் நவுந்துக்கிட்டேன். பிடிச்சதும் நாலு பேரும் நாலு வாசல்ல வெளிய விழுந்துட்டோம். நான் திரும்பிக் கைய நீட்டுனேன்க்கா. அவ விரலு தட்டுச்சு. சூடு தாங்கல. கைய இழுத்துக்கிட்டேன்."

அவள் தன் கையைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமியாருக்குத் தெரியுமா, முறை மாத்துனது?"

"தெரியாது. சொன்னா அந்த வீட்டுல நான் எப்படிக்கா இருப்பேன்? அவுகளுக்கு ஒரே பொம்பளப் பிள்ள அவ."

"இப்ப எங்க வேலை பாக்குறீக?"

"வேற கம்பெனி. அதே மருந்து ரூம்தான். அதுதானே தெரியும்."

"அங்கன எத்தனை பேரு?"

"சீசன் வந்துருச்சுல்ல, அஞ்சு பேருதான்."

"அங்க பிடிச்சா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவ கைய இழுக்க மாட்டேன்" என்றாள்.

நாங்கள் கேம் சோதிக்க வந்திருந்தோம். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு இவள் நிஜமான மருந்து ரூமில் உட்காரப் போகிறாள். ஒரு பொறி விழுந்தால் வாசலில் நின்று திரும்பி உள்ளே போவாள். அதைத்தான் பத்து தடவை எங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறாள். நாங்கள் அவுட் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது என் வசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் ஸ்டேஜ் முடிவில் பிழைத்த பெண் அழுவதுபோல நான் எழுதியிருந்தேன். 'எங்களை விட்டு எங்கே போனாய் தோழி, இனி யார் முகத்தில் விழிப்போம்.'

"இது போஸ்டர்ல போடுற பேச்சு. அப்படி யாரும் பேசமாட்டாகக்கா. எங்க ரூம் ராக்கு, வெந்துபோன முதுகோட உக்காந்துக்கிட்டு 'என் தூக்குவாளி எங்கன, என் தூக்குவாளி எங்கன'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

4. நீங்க யாரு எனக்கு

திங்கட்கிழமை சேகர் சாரிடம் போய் நின்றேன்.

"சார், ரூம்ல அஞ்சாவது ஆள் வேணும்."

"ஜரினா, விளையாடுறியா? விதிய சொல்லிக் கொடுக்கத்தான் கேமே. அதுல நாமளே அஞ்சு பேரை உக்கார வச்சா டிரஸ்ட்காரன் என் சட்டையப் பிடிப்பான்."

"விதிப்படி நடந்திருந்தா அந்தப் பிள்ள செத்தே இருக்காதே சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நாலு பேரை மட்டும் காட்டினா அந்தப் பொம்பளைங்க நம்ம கேமை நம்பமாட்டாக. இது வேற யாரோ, நம்ம இல்லன்னு நெனச்சுக்கிருவாக."

அவர் மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "செஞ்சு வை. பாத்துட்டுச் சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

கோபி வேறு மூக்கால் அழுதான். "அஞ்சாவதா ஒரு பொம்மைய ஏத்துனா சிஸ்டம் தொங்கிரும்க்கா." கடைசியில் நாலில் ஒருத்தியையே காப்பி எடுத்து, நிறம் மாற்றி நடுவில் வைத்தான். மருந்து வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். சாந்தி தன் அண்ணனுடைய நீலக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாளாம். அதையும் அவன் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டான்.

பன்னிரண்டு நொடியில் அந்த நடுப் பெண்ணை யாராலும் வெளியே கொண்டுவர முடியாது. நானே முப்பது தடவைக்கு மேல் முயன்று பார்த்தேன். அதனால் அதற்குப் பொருத்தமாக முடிவு வசனத்தை மாற்றினேன். போஸ்டர் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு, மண்மேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்வதுபோல எழுதினேன். "ஓன் மேல தப்பு இல்லத்தா. நீ என்ன செஞ்சிருக்க முடியும்?" அதையும் என் குரலிலேயே பதிவு செய்தேன். இதுதான் நான் எழுதியதிலேயே நல்ல வசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முத்துலட்சுமி எங்கள் கம்பெனிக்கே பஸ் ஏறி வந்தாள். நடுவில் நீலச் சட்டையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தாள். பிறகு விளையாடினாள். திரும்பினாள், அவுட். திரும்பினாள், அவுட். பக்கத்தில் நின்ற கோபிக்குப் பொறுக்கவில்லை. மவுஸை வாங்கி அவனே அந்தப் பெண்ணை ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். வெளியே உட்கார்ந்தவள் என் குரலில் பேசினாள். "ஓன் மேல தப்பு இல்லத்தா."

முத்துலட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான்."

"தப்பு இல்லன்னு சொல்ல நீங்க யாரு எனக்கு?"

எனக்கு முகத்தில் அடித்தாற்போல ஆகிவிட்டது. அவளுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன். "ஆறுதலுக்காக..." என்று இழுத்தேன்.

"அதச் சொல்ல ஒலகத்துலயே ஒரு ஆளுக்குத்தான் உரிம இருக்கு. அவுக வீட்ல எம்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்காக. அவுககிட்ட நான் இன்னும் வாயத் தொறக்கல. நீங்க பாட்டுக்கு மிசின்ல இருந்து சொல்லிட்டா ஆச்சா?"

வாசல் வரை போனவள் நின்றாள். கோபம் தணியவில்லை, ஆனாலும் வேலை தெரிந்தவள், தப்பாகச் செய்திருப்பதைச் சொல்லாமல் போக அவளால் முடியவில்லை.

"ஆரம்பத்தையே தப்பா வச்சிருக்கீக. பிடிச்ச பெறகு ஆரம்பிச்சா எவ வந்தாலும் அவளக் காப்பாத்த முடியாது. காலைல வேலைக்கு உக்காருற எடத்துல இருந்து வைங்க. இன்னைக்கு நடு இடம் யாருக்குன்னு கேளுங்க. அப்பத்தான் எதாச்சும் செய்யலாம்."

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் படித்தவர்கள் அஞ்சு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டதில் இது யாருக்கும் தோன்றவில்லை.

5. அன்னைக்கு யாரு முறை

புது ஸ்டேஜை அந்த வாரமே கட்டினோம். காலை நேரம், அஞ்சு பெண்கள் ரூம் முன்னால் வந்து நிற்பார்கள். என் குரல் கேட்கும்: "இன்னைக்கு நடு இடம் யாருக்கு?" அஞ்சு பேரில் ஒருத்தியைத் தொடலாம். யாருக்கும் இல்லை என்று ஒரு பட்டனும் வைத்தோம். அதைத் தொட்டால் அஞ்சாவது பெண் பேக்கிங் ஷெட்டுக்குப் போய்விடுவாள். முடிவு வசனத்துக்கு மட்டும் எனக்கு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

மறு ஞாயிறு முத்துலட்சுமி வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். கூடவே ஒரு வயதான அம்மா, இடுப்பில் ஒரு பையன்.

"எங்க அத்தை" என்றாள் முத்துலட்சுமி. அவள் கண் என்னைக் கெஞ்சியது.

"வாரா வாரம் கம்பூட்டர் கம்பூட்டர்னு வந்துருதாளே, என்னதான் இருக்குன்னு பாக்க வந்தேன். இருக்கன்குடி கோயிலுக்குப் போற பஸ்ஸ விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா. சுப்புத்தாய் என்று பேர். 

நான் கோபியைத் தனியாக இழுத்து, "பழைய வெர்ஷனைப் போடு, நாலு பேர் உள்ளதை" என்றேன். அவன் சி.டி.யைத் தேடுவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புது வெர்ஷன் முன்னால் சுப்புத்தாய் போய் உட்கார்ந்துவிட்டார். திரையில் அஞ்சு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி நீலக் கட்டச் சட்டையில்.

"இது எம்மகன் சட்டையில்ல?" என்றார். பையனை மெதுவாக மடியில் இறக்கினார். அப்போதுதான் என் குரல் அந்தப் பெட்டியிலிருந்து கேட்டது.

"இன்னைக்கு நடு இடம் யாருக்கு?"

நான் ஓடிப்போய் மவுஸை எடுக்கப் பார்த்தேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏ முத்து. அன்னைக்கு யாரு முறை?"

கோபி சுவரோடு ஒட்டிக்கொண்டான். கீழே கடையில் யாரோ செருப்பை உதறிப் பார்க்கிற சத்தம் கேட்டது. முத்துலட்சுமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"என் முறைதான் அத்தை. அவ மாத்திக்கிட்டா. நான் நவுந்துக்கிட்டேன்."

சுப்புத்தாய் கத்துவார், அடிப்பார் என்று நான் தயாராக இருந்தேன். பேரன் அவர் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

முத்துலட்சுமி நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு விடிய நீ கொல்லையில வாந்தி எடுத்தத நான் பாத்தேன். எனக்கா தெரியாது? சாந்தி கெளம்பையில அவளக் கூப்பிட்டு, 'மதினி முழுகாம இருக்கா போல, இன்னைக்கு அவ முறையாமே, அவள நடுவுல உக்கார விடாத'ன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். எம்பிள்ளைய நாந்தான் அங்கன உக்கார வச்சேன்."

சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொன்னா, இந்தப் பய மூஞ்சியப் பாக்கையிலெல்லாம் ஒனக்கு அதுதானே நெனப்பு வரும்" என்றார்.

ஒரே வீட்டில், ஒரே உலையில் சோறு பொங்கித் தின்றுகொண்டு, இரண்டு வருடம் இரண்டு பேரும் இதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை.

"விளையாடு, பாப்போம்" என்று அந்த அம்மா எழுந்து இடம் விட்டார்.

முத்துலட்சுமி உட்கார்ந்தாள். அவள் கை, யாருக்கும் இல்லை என்கிற பட்டன் பக்கம் போனது. "அது வேணாம். நடந்த மாதிரியே வை" என்றார் மாமியார். முத்துலட்சுமி நீலச் சட்டையைத் தொட்டாள். அந்தப் பெண் போய் நடுவில் உட்கார்ந்தாள். மற்ற நாலு பேரும் வாசல்களுக்குப் போனார்கள்.

பொறி விழுந்தது.

முத்துலட்சுமியின் பெண் வாசலுக்கு வந்தாள். நின்றாள். எட்டு, ஏழு என்று மூலையில் நொடி குறைந்தது. மவுஸ் பின்பக்கம் அசைந்தது. சுப்புத்தாய் குனிந்து மருமகளின் வெந்த கையின்மேல் தன் கையை வைத்தார்.

"நீ ஓடு தாயி. அவள நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடு."

அவள் ஓடினாள். மண்மேடு, முள்வேலி, ரோடு. திரையில் நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் வசனம் எழுதாத இடம் அது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த ஸ்டேஜ் தானாக முடிகிறவரை மாமியாரும் மருமகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

6. சி.டி.யில் உள்ளது

மறுநாள் முத்துலட்சுமி வேலைக்குப் போய், நடு இடத்தில் இனி யாரும் உட்கார மாட்டோம் என்று போர்மேனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தாம்தூம் என்று குதித்திருக்கிறார். மற்ற நாலு பேரும் அவளோடு வெளியே நின்றுவிட்டார்கள். சீசன் நேரம், ஐந்து பேரை ஒரே நாளில் எங்கே பிடிப்பது? முணுமுணுத்துக்கொண்டே ஒருத்தியைப் பேக்கிங்குக்கு மாற்றினாராம். அந்த வாரம் போனில் சொன்னாள். எல்லா ரூமிலும் அப்படி நடந்துவிடவில்லை, அவளுடைய ரூமில் நடந்தது.

டிரஸ்ட் அஞ்சு பேர் வெர்ஷனை ஒத்துக்கொள்ளவில்லை. சேகர் சார் எனக்காக ஒரு தடவை பேசிப் பார்த்தார், அதுவே அவருக்குப் பெரிய காரியம். கடைசியில் நாலு பேர், நாலு வாசல், திரும்பினால் அவுட். நடு இடம் யாருக்கு என்று கேட்கிற ஸ்டேஜும் போயிற்று. ஸ்டேஜ் முடிவு வசனம் இல்லாமல் காலியாக இருக்கிறதே என்று, 'ஓன் மேல தப்பு இல்லத்தா' என்கிற என் பழைய ஆறுதல் வசனத்தையே அங்கே மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். சண்டை போட்டும் நடக்கவில்லை.

அதனால் பிள்ளைகளா, பிழைத்தவர்களுக்குப் பேச்சு எழுத வேண்டி வந்தால் முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். அந்தக் கேரக்டரை மன்னிக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அது நீங்களாக இருக்காது. அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்க விடுங்கள்.

அந்த சி.டி.யின் உறையில் 'வசனம்: ஜரினா' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த விளையாட்டின் முன்னால் பேசப்பட்டவற்றிலேயே ஒரு உயிரை வாசலுக்கு வெளியே கொண்டுவந்த வசனம் ஒன்றுதான். அதை நான் எழுதவில்லை, அது அந்த சி.டி.யிலும் இல்லை.